வெள்ளி இலைச் செடியும் அத்தையின் கஷாயமும்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் கொடைக்கானல் போனபோது ஒரு நர்சரியில் ‘லைகோரைஸ் செடி’ என்று அட்டை மாட்டியிருந்த இரண்டு செடிகள் வாங்கினேன். ஒன்று வெள்ளி நிறம், தொட்டால் பஞ்சுபோல் இருக்கும். மற்றது எலுமிச்சை மஞ்சள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) குரோ பேக்கில் வைத்தேன். மஞ்சள் செடி புரட்டாசி வெயிலிலேயே ஓரம் கருகிவிட்டது. வெள்ளிச் செடி நன்றாகப் படர்ந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் நடுப்பகுதி கறுத்து, கிளைகள் துவள்கின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றுகிறேன், இன்னும் துவள்கிறது. மழைக்குப் பயந்து தார்சாவுக்குள் (வீட்டு முன்கூடத்துக்குள்) கொண்டுவந்து வைத்தேன், புது இலைகள் பச்சையாக வருகின்றன. இது அதிமதுரம்தான், வேரைத் தோண்டிக் கஷாயம் போட்டால் தன் இருமல் போகும் என்று அத்தை தினமும் சொல்கிறார்கள். அவர்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு, வறட்டு இருமல் நாலு மாதமாக இருக்கிறது. அவர்கள் பிறந்த ஊரில் வேலியில் ஓடும் கொடி ஒன்றின் இலையும் இதே மாதிரி இனிக்குமாம், அதையாவது கொண்டு வா என்கிறார்கள். செடியைக் காப்பாற்ற முடியுமா? நாங்குநேரிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தரையில் வைக்கலாமா?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். மற்றதை அதன்பிறகு படித்துக்கொள்ளலாம்.

மண் ஈரமாக இருக்கும்போது செடி துவள்கிறது என்றால் அது தாகம் இல்லை, வேர் அழுகல். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் நிரப்பிவிட்டால் நுனிவேர்கள் முதலில் செத்துப்போகும், செத்த வேரில் பூஞ்சணம் ஏறும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உறிஞ்சி மேலே அனுப்ப ஆளில்லை. இலை வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம், அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். எனக்கு வரும் தொட்டிச்செடிக் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தச் சுழல்தான். ரோஜாவுக்கும் இதே கதை, கறிவேப்பிலைக்கும் இதே கதை. உங்கள் செடி இதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிக்கும், ஏனென்றால் அது பிறந்த ஊர் வேறு.

உங்கள் கையில் இருப்பது ஹெலிகிரைசம் பெட்டியோலாரே. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. சூரியகாந்திக் குடும்பம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தொட்டால் சரசரக்கும் உலர்பூக்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டி விற்பார்களே, அவை இதற்கு நெருங்கிய சொந்தம். மஞ்சள் நிறத்தில் வாங்கியதும் இதே செடிதான், ‘லைம்லைட்’ என்ற ரகமாக இருக்கும். வெயில் ஏறிய இலையைக் கசக்கினால் அதிமதுர மிட்டாய் வாசனை லேசாக அடிக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான், வேறு சம்பந்தம் எதுவும் கிடையாது. அத்தையின் கஷாயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கேப் டவுனில் கோடை உச்சத்திலும் சராசரிப் பகல் வெப்பம் 26, 27 டிகிரிதான். மழை அங்கே குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். மழையும் புழுக்கமும் ஒரே நேரத்தில் வருவது அந்தச் செடிக்குப் பழக்கமில்லாத விஷயம். நமக்கு ஐப்பசி என்றால் என்ன? பகலில் முப்பது டிகிரி, இரவில் இருபத்துநாலு, கொண்டல் மேகம் வந்து வாரக்கணக்கில் ஈரம் காயாமல் நிற்கும். இந்தச் செடியின் இலை முழுக்க மெல்லிய வெள்ளை ரோமம். வெயிலைத் திருப்பி அனுப்பவும், இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கவும் அது செய்துகொண்ட ஏற்பாடு. வறட்சியில் அது கவசம். மழையில் அதுவே நனைந்த கம்பளி. மேல் இலைகள் காற்றில் உலர்ந்துவிடும், நடுவில் நெருக்கமாக இருப்பவை உலராது. அதனால்தான் உங்கள் செடி நடுவிலிருந்து கறுக்கிறது.

எனவே திருநெல்வேலியில் இந்தச் செடிக்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் பெரிய பகை. வெயிலுக்குப் பயந்து தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இது அதிகமாகச் சாகிறது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மலை நர்சரிகளில் இந்த மாதிரிச் செடிகளைப் பெரும்பாலும் சுத்தமான கோக்கோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில்தான் வளர்க்கிறார்கள். எடை குறைவு, வண்டியில் ஏற்றச் சுலபம், அங்குள்ள குளிரில் பிரச்சினையும் இல்லை. நாம் வாங்கிவந்து அந்தக் கட்டியை அப்படியே குரோ பேக் மண்ணுக்குள் வைத்துவிடுகிறோம். சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் நடுவிலிருக்கும் நார்க்கட்டி ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேர் முழுவதும் அந்தக் கட்டிக்குள்தான். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று ஊற்றுவோம். உங்கள் பையிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிழிக்கத்தான் சொல்கிறேன். மழை இல்லாத ஒரு சாயங்காலம் குரோ பேக்கைப் பக்கவாட்டில் வெட்டி வேர்க்கட்டியை வெளியே எடுங்கள். முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை மண்வாசம் இருக்கும், அழுகலில் சாக்கடை வாடை வரும். ஒரு வேரை இரு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். வெள்ளையாக, விறைப்பாக நின்றால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக இருந்து, மேல்தோல் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். கெட்டதையெல்லாம் கத்தரித்து எறியுங்கள், நார்க்கட்டியை விரலால் உதிர்த்துவிடுங்கள். வேரைக் குறைத்த அளவுக்கு மேலேயும் குறைக்க வேண்டும். கறுத்த நடுப்பகுதியை முழுதாக வெட்டிவிட்டு, மற்றக் கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு கழியுங்கள். பார்க்க மொட்டையாக இருக்கும், பரவாயில்லை. இந்தச் செடி வெட்டு தாங்கும்.

முக்கால்வாசி வேர் போய்விட்டது என்றால் தாய்ச்செடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓரத்தில் நல்லபடியாக நிற்கும் கிளைகளை வெட்டுத்துண்டு எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போடுங்கள். எது எப்படியானாலும் நாலைந்து துண்டுகள் எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். பூக்காத இளங்கிளையில் மூன்று, நாலு அங்குலம், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். கரடுமணலும் கோக்கோபீட்டும் சரிபாதி கலந்த சின்னக் கப்பில் குத்தி வையுங்கள். நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடம் வேண்டும். உங்கள் தார்சா இதற்குச் சரியான இடம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் வேர்விடும். காணொளிகளில் சொல்வதுபோல் மேலே பாலிதீன் பையைக் கவிழ்க்காதீர்கள். ரோஜாத் துண்டுக்கு அது சரி, ரோம இலைக்கு அது எமன். பைக்குள் ஈரம் கோத்து, வேர்விடுவதற்குள் இலை அழுகிவிடும்.

இப்போது தொட்டி. குரோ பேக் வேண்டாம். மண்தொட்டி வாங்குங்கள். காருக்குறிச்சிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் வாங்கிவரச் சொல்லுங்கள். சுட்ட மண்ணின் பக்கங்களே ஈரத்தை வெளியேற்றும், அந்த வேலையைப் பிளாஸ்டிக் செய்யாது. பத்து அங்குலத் தொட்டி போதும். செடி சிறியதாக இருக்கும்போது பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். அடித்துளை பெருவிரல் நுழைகிற அளவு இருக்கட்டும், மண் அடைத்துக்கொள்ளாதபடி அதன்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, கரடுமணல் அல்லது பொடித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஆற்றுமணல் கிடைக்காது, தேடவும் வேண்டாம். எம்-சாண்டைச் சலித்துத் தூளை நீக்கிவிட்டுக் குருணையை மட்டும் சேர்த்தால் போதும். சிமெண்டு வேலைக்குச் சலிக்கிறவர்கள் தூளை வைத்துக்கொண்டு குருணையை ஒதுக்குவார்கள், நாம் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் மூன்று ஓட்டுத்துண்டின் மேல் தூக்கி வையுங்கள்.

மருந்து ஊற்றலாமா என்று கேட்பீர்கள். அழுகல் தெரிந்த செடியை மாற்றி நட்டதும், காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண்ணில் ஒருமுறை ஊற்றலாம். இலையில் படாமல் ஊற்றுங்கள், ரோமத்தில் கறை நின்றுவிடும். வேதிமருந்து பிடிக்காதவர்கள் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் கலந்து இடலாம். அது அழுகல் வராமல் காக்கும், வந்தபின் பெரிதாக உதவாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, செம்பு அந்த நல்ல பூஞ்சணத்தையும் முடக்கும். பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். ஆனால் வடிகால் சரியில்லாத தொட்டியில் எந்த மருந்தும் காசுக்குப் பிடித்த கேடுதான்.

இனி எப்போது ஊற்றுவது? கிழமைக் கணக்கு வேண்டாம். மாற்றி நட்டு, தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அந்த எடையைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு தூக்கும்போது நன்றாக இலேசாகிவிட்டது, விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் ஈரம் தட்டவில்லை என்றால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் வடிகிற வரை ஊற்ற வேண்டும், தலையில் தெளிக்கக் கூடாது, தொட்டி ஓரமாக மண்ணில். தினமும் ஒரு டம்ளர் என்று ஊற்றுவது எல்லாவற்றிலும் கெட்ட வழக்கம். வேர் பிடித்த செடி காய்ச்சலைத் தாங்கும், கொஞ்சம் வாடினால்கூட ஊற்றியதும் எழுந்துவிடும்.

உங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூத்து நிற்கும். அப்படியானால் மாதம் ஒருமுறை தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரையோ தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள்.

தார்சாவுக்குள் வைத்ததும் இலை பச்சையாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் இல்லை அது. வெயில் இல்லாத இடத்தில் கவசம் எதற்கு? புது இலை ரோமத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறது. வெள்ளி நிறம் வேண்டுமானால் வெயில் வேண்டும். தட்டட்டியில் கிழக்குப் பார்த்த சுவர் ஓரம், மழை நேராக விழாதபடி சன்ஷேடுக்குக் கீழ், காலை வெயில் நாலு மணி நேரம் படுகிற இடம்தான் இதற்கு வாய்த்தது. மஞ்சள் ரகத்துக்கு மட்டும் இந்த விதி மாறும். அதற்கு ரோமமும் குறைவு, பச்சையமும் குறைவு, நம்மூர் வெயிலை அதனால் தாங்க முடியாது. தார்சாவை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தை, மாசியில் ஒவ்வொரு கை மண்புழு உரம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் உங்கள் கத்தரிக்கும் வெண்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து கூடினால் இது கொழுத்து, கிளை நீண்டு, நடுவில் காற்று புகாமல் மறுபடி அழுகலுக்கு வழிவகுக்கும். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையையே வெட்டிவிடுங்கள். வெள்ளை இலையில் வெள்ளைப் பூச்சி இருப்பது கண்ணுக்குத் தெரியாது, எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலை முழுச்செடிக்கும் அடித்துவிடாதீர்கள். எண்ணெய் பட்டால் ரோமம் படிந்து, வெள்ளி போய்த் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து அத்தையின் கஷாயம். இது உங்கள் செடியைவிட முக்கியம்.

நாட்டு மருந்துக் கடையில் குச்சி குச்சியாகக் கட்டி விற்கும் அதிமதுரம் கிளிசிரைசா கிளாப்ரா என்ற செடியின் வேர். அவரைக் குடும்பம். நீலமும் ஊதாவுமாகச் சின்னப் பூக்கள் பூக்கும், ஆழமான மண்ணில் மூன்று, நாலு வருடம் வளர்ந்த பிறகுதான் வேரை எடுப்பார்கள். ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பக்கத்துச் சரக்கு அது. உங்கள் வீட்டில் இருக்கும் வெள்ளி இலைச் செடிக்கும் அதற்கும் குடும்பமே வேறு. இதன் வேரை வேகவைத்தால் வெந்த வேர்தான் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் இதன் இலையைச் சளி, இருமலுக்குப் பயன்படுத்துகிற நாட்டு வழக்கம் இருக்கிறது, உலர்ந்த தழையைச் சாம்பிராணிபோல் புகையும் போடுவார்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. எந்த அளவு, யாருக்கு என்பது அங்குள்ள வைத்தியர்கள் கையில் இருக்கிற விஷயம். அதோடு, அலங்காரச் செடியை விற்கும் நர்சரி அது வாய்க்குப் போகும் என்று நினைத்துப் பூச்சிமருந்து அடிப்பதில்லை.

சரி, கடையில் அசல் அதிமதுரம் வாங்கிக் கொடுக்கலாமா? ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அதிமதுர வேருக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். என்றோ ஒருநாள் ஒரு துண்டு வாயில் அடக்குவது வேறு, தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

நான் செடிகளைப் பார்க்கிறவன், மருத்துவன் இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கேட்டு வைக்கச் சொல்கிறேன். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகளே வறட்டு இருமலை உண்டாக்கும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அத்தைக்கு இருமல் தொடங்கியதும் மாத்திரை மாற்றியதும் ஒரே சமயமா என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாலு மாத இருமலை எப்படியும் ஒருவர் பார்த்தாக வேண்டும். மூலிகை வைத்தியம்தான் வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றால், உங்கள் ஊரிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போய், சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டிக் கேளுங்கள்.

அத்தை சொல்லும் வேலிக்கொடியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலைச் சீக்கிரம் அனுப்ப நினைத்தேன். வேலியில் ஓடும், புளிய இலைபோல் சிறுசிறு இலை வரிசையாக இருக்கும், மென்றால் இனிக்கும் என்றால் அது அநேகமாகக் குன்றிமணி. ஆவணி, புரட்டாசிப் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த மணி, அதே கொடிதான். இலையிலும் வேரிலும் இனிப்பு உண்டு என்பதால் அதன் வேரை அதிமதுரத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் வழக்கம் ரொம்பக் காலமாக இருக்கிறது. அத்தை சொல்வது கற்பனை இல்லை, அவர்கள் காலத்துப் பிள்ளைகள் அந்த இலையை மென்றிருப்பார்கள். ஆனால் அதன் விதையில் அப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. மிகக் கொடிய நஞ்சு. கெட்டியான ஓடு உடையாமல் முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்தோ, பொடித்தோ, ஊசி குத்தி ஓட்டை போட்டோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகலாம். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது.

அந்தக் கொடியைப் பறித்துவந்தால் கொத்தோடு காய்ந்த காயும் வரும், காயில் மணியும் இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த மணியை வாயில் போடாமல் இருக்காது. வேண்டாம். யாராவது கடித்து விழுங்கிவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கிறேன், உப்புத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று நேரத்தைப் போக்காமல் நேராக ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கையில் ஒரு மணியையும் எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு உதவும்.

அத்தைக்குத் தொண்டைக்கு இதமாக ஏதாவது தட்டட்டியில் வளர்க்க வேண்டும் என்றால் கற்பூரவல்லி வையுங்கள். அதுவும் பஞ்சுபோல் தடித்த ரோம இலைதான், நம்மூர் வெயிலுக்குப் பழகியது, கிள்ளி நட்டாலே வரும். இரண்டு இலையை வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம், பஜ்ஜியும் போடலாம். மழைக்காலத்தில் அதற்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி நாங்குநேரித் தோட்டம். அங்கே மண் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. சரளை கலந்த செம்மண் என்றால் முயற்சி செய்யலாம், ஓர் அடி உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல். தென்னைக்குப் பாயும் வாய்க்கால் ஓரத்தில் வேண்டவே வேண்டாம். கரிசல் என்றால் நினைப்பை விட்டுவிடுங்கள். மழையில் சேறாகிக் கோடையில் வெடிக்கும் மண்ணில் இதற்கு இரண்டு பக்கமும் அடி. ஆனி, ஆடியில் அங்கே அடிக்கும் மேல்காற்றையும் கணக்கில் எடுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாடிகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? படர்ந்த கிளைகளை அந்தக் காற்று அடியோடு முறிக்கும். மேற்கே ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால்தான் தாங்கும். தட்டட்டித் தொட்டிக்கும் அந்த இரண்டு மாதம் இதே விதி, தொங்குத்தொட்டியாக இருந்தால் இறக்கித் தரையில் வைத்துவிடுங்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், தோட்டத்தில் நிரந்தரமாக நடுவதற்கு இது நம்மூர்ச் செடி இல்லை. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததிலிருந்து பங்குனி வரை தொட்டியில் மிக அழகாக இருக்கும். மார்கழி, தை இரண்டு மாதமும் அதற்குச் சொர்க்கம், அப்போதுதான் உங்கள் தொட்டி விளிம்பைத் தாண்டி வெள்ளியாய் வழியும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை நாற்பது டிகிரியைத் தொடும்போது 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, வளர்ச்சி எதையும் எதிர்பார்க்காமல், உயிரோடு வைத்திருந்தால் போதும். அந்தச் சமயம் உரமோ கத்தரிப்போ கூடாது. ஆவணியில் புதிதாகத் துண்டு எடுத்து இளஞ்செடிகளைத் தயார் செய்துகொண்டால், ஐப்பசியில் பழைய செடி போனாலும் கவலை இல்லை. மழை முடிந்ததும் புதுச்செடி கையில் இருக்கும். குளிர்தேசங்களில்கூடப் பலர் இதை வருடாவருடம் துண்டிலிருந்து புதுப்பித்துத்தான் வளர்க்கிறார்கள், அங்கே அவர்களுக்குப் பனி பகை.

மலைப்பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஞ்சோலை, கோதையாறு மாதிரி குளிர்ந்த இடங்களில் இந்தச் செடி நம்மைப் போலச் சிரமப்படாது, தரையில் தொட்ட கணுவெல்லாம் வேர்விட்டுப் படரும். கலிபோர்னியாவின் கடற்கரைக் காடுகளில் தோட்டத்திலிருந்து தப்பிப் பரவி, அங்கே களையெடுக்க ஆள் வைக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் அழகுக்காக நம் நாட்டுக்குள் வந்ததுதான், இன்று மேற்குத்தொடர்ச்சி மலையில் அது பிடித்துவைத்திருக்கும் இடத்தைப் பார்க்கிறோம். காட்டை ஒட்டிய இடங்களில் நட வேண்டாம், கத்தரித்த கிளைகளை ஓடைப்பக்கம் வீசவும் வேண்டாம்.

வெள்ளி நிறத்துக்காகத்தான் ஆசைப்பட்டீர்கள் என்றால், இவ்வளவு பாடுபடாமல் கிடைக்கிற வழிகளும் உண்டு. சில்வர் டைகான்ட்ரா என்று நர்சரியில் கேளுங்கள். இதே மாதிரி தொட்டியிலிருந்து கொடியாய் வழியும், வெயிலை நன்றாகத் தாங்கும். நாங்குநேரித் தோட்டத்துக்கு நம் மண்ணிலேயே முளைக்கும் சிறுபீளை இருக்கிறது, பொங்கல் சமயத்தில் பூளைப்பூ என்று கட்டுக்கட்டாகச் சில ஊர்களில் விற்பார்கள். வரிசையாக விதைத்து அவ்வப்போது கத்தரித்துவிட்டால் வெள்ளை ஓரம் கட்டிய பாத்திபோல் நிற்கும், யாரும் அதைத் தோட்டத்தில் வைப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். விஷ்ணுகிரந்தியும் அப்படித்தான். சாம்பல் வெள்ளை ரோமத்தோடு தரையில் படர்ந்து நீலப்பூ பூக்கும், தண்ணீரே கேட்காது.

உங்கள் செடியோடு ஒரே தொட்டியில் துணைக்கு ஏதாவது வைக்க ஆசை இருந்தால் பத்துமணிப்பூ வையுங்கள், இல்லையென்றால் நித்தியகல்யாணி. இரண்டும் காய்ச்சல் தாங்குபவை. காசித்தும்பை வேண்டாம், அது தினமும் தண்ணீர் கேட்கும்.

துண்டுகளைக் கப்பில் குத்திய பிறகு, வேர்விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நுனியில் புதுத்துளிர் வரும் வரை விட்டுவைத்து, பிறகு லேசாக இழுத்தால் பிடி தெரியும். அப்போது மண்தொட்டிக்கு மாற்றுங்கள். மஞ்சள் செடியில் கருகாத கிளை மிஞ்சியிருந்தால் அதிலும் இரண்டு துண்டு இன்றே எடுத்துவிடுங்கள்.